கிழக்கு வரிசை டிரம்கள்

மேற்கு வரிசை டிரம்களை விரல் முட்டியால் தட்டியபோது எல்லாம் வயிறு நிறைந்தவர்களைப் போல 'தொம்' என்றன. பாதுகாப்பு அலுவலர் கிழக்கு வரிசைக்கு வந்து முதல் டிரம்மைத் தட்டினாள். அது 'ணங்' என்றது. அவள் நின்றுவிட்டாள். காது ஏமாற்றுகிறதோ என்று இன்னொரு முறை தட்டினாள். அடுத்ததைத் தட்டினாள். 'ணங்.' அதற்கடுத்ததும் அப்படியே.

பல்கலைக்கழக நூலகத்துக்கும் உணவகத்துக்கும் நடுவிலிருந்த அந்த வெளி முழுக்கக் கல் பாவியது. முளை அடிக்க வழியில்லை. அதனால் பந்தலின் ஒவ்வொரு காலையும் தண்ணீர் நிரப்பிய ஒரு நீல டிரம்மோடு கட்டியிருந்தார்கள். தண்ணீர்தான் அங்கே நங்கூரம். மாலையில் புதிய மாணவர்களும் பெற்றோரும் வந்து இந்தப் பந்தலுக்கடியில் உட்காரப்போகிறார்கள். பலத்த காற்று வீசக்கூடும் என்று காலையிலேயே கைப்பேசி எச்சரித்திருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் காலம் முடியும் தறுவாய். நிரந்தரமா இல்லையா என்று நிர்வாக அலுவலர் இந்த மாதம் எழுதவேண்டும். எப்போதும் கடிகாரத்தையே பார்ப்பதால் அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'முள்ளு'. இவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'விசிலக்கா'. போதாக்குறைக்குப் பந்தல்காரன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் இங்கே பந்தல் போட ஆரம்பித்தது இவள் சேருவதற்கு முன்பே என்றாலும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"டேய், இங்க வா."

தம்பி ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"இத நெரப்புனியா?"

"நேத்தே நெரப்புனேன்க்கா. என் கண்ணு முன்னாடி வழிஞ்சுது."

"வழிஞ்ச தண்ணி எங்கடா? சொல்லிட்டா போச்சு?"

"என்னக் கேட்டா? நானா குடிச்சேன்?"

அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் பாலைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் குடித்துவிட்டேன் என்று சத்தியம் செய்த முகம்தான். ஆனால் அப்போதெல்லாம் அவன் இடது காதைத் தொடுவான். இப்போது தொடவில்லை.

"மூடியெல்லாம் எங்க?"

இடது கை காதுக்குப் போயிற்று. "கடையில... மறந்துட்டேன். மூடி இல்லன்னா தண்ணி என்ன எந்திரிச்சு ஓடியா போயிடும்?"

ஓடித்தான் போயிருக்கிறது. ஆனால் எப்படி? கோபத்தை விட ஆவல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. ஓட்டை, விரிசல் எதுவும் இல்லை. டிரம்களின் அடியிலிருந்த அடைப்பான்கள் இறுகத் திருகப்பட்டு, துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தன. திருட வந்தவன் இவ்வளவு ஒழுங்காகவா மூடிவிட்டுப் போவான்? அவள் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். கல் இடுக்குகளில் மட்டும் ஈரம் காயாமல் கருத்திருந்தது. அந்தக் கருப்புக் கோடு எறும்புச் சாரை மாதிரி வளைந்து வளைந்து சுவரோரத்து மரங்களை நோக்கிப் போனது. அவளும் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பின்னால் தம்பி.

மரத்தடி மண் சொதசொதவென்று இருந்தது. அங்கே துப்புரவுக்கார அம்மா, துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பாத்தீங்களா, ஒரு சொட்டு வீணாக்கல. எல்லாம் மரத்துக்கு விட்டுட்டேன்."

"எதம்மா?"

"அந்த டிரம்முத் தண்ணியத்தான். மூடி இல்லாம தேங்கிக் கெடந்துச்சு. தெறந்த பாத்திரத்துல தண்ணி நின்னா கொசு வரும், கண்டா உடனே கொட்டுங்கன்னு கூட்டம் போட்டுச் சொன்னீங்களே? இந்தப் பக்கம் முடிஞ்சுது. சாப்ட்டுட்டு அந்தப் பக்கமும் தெறந்து வுட்டுடறேன்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியது. அந்தக் கூட்டத்தில் படம் வரைந்து காட்டி, எல்லோரையும் திருப்பிச் சொல்லவைத்தவள் அவள். யார் காதிலும் ஏறவில்லையோ என்று அன்றைக்குக் கவலைப்பட்டதும் அவள்தான்.

"அந்தப் பக்கம் தொடாதீங்கம்மா," என்றாள். "உங்களுக்குக் கோடி புண்ணியம்."

குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. இருட்டுவதற்குள் கிழக்கு வரிசையின் நான்கு டிரம்களும் நிறையாது. அவள் நிர்வாக அலுவலரை வரவழைத்தாள். அவர் மணியைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"துணிய இறக்கிடலாம் சார். எல்லாரும் வெளியில உக்காரட்டும்."

"வெயில்லயா? ஒரு இலை கூட அசையலம்மா. நாலு டிரம்முக்காக இத்தனை பேர வறுத்தெடுக்கணுமா?" அவர் தம்பியைப் பார்த்தார். "சரி, யார் தப்பு இது? இவரா?"

"மூடி கொண்டாராதது என் தப்புதான் சார்," என்றான் தம்பி சட்டென்று.

துப்புரவுக்கார அம்மா துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இருவரில் ஒருவர் தலையில் இது இறங்கிவிடும். அவள் பேசாமல் இருந்தால் போதும்.

"தண்ணியக் கொட்டச் சொன்னது நான் சார். பந்தல் டிரம்ம விட்டுடுங்கன்னு சொல்லாததும் நான்தான்."

முள்ளு முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டு அவளைப் பார்த்தார். "தைரியமாத்தான் சொல்றீங்க. இறக்குங்க. காத்து வரலன்னா, நாளைக்கு என் ரூமுக்கு வாங்க. பேசுவோம்."

துணி இறங்கியது. எலும்புக்கூடாக நின்ற கம்பிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, நாற்காலிகளைத் தள்ளிப் போட்டார்கள். பெற்றோர் வந்தார்கள். மேலே பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். ஒரு அப்பா நிகழ்ச்சித்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "பந்தல் என்ன வேடிக்கை பாக்கவா?" என்று சத்தமாகவே கேட்டார். மேடையில் யாரோ வரவேற்றுப் பேசினார்கள். நூலகத்தின் மேலிருந்த கொடி, உலர்த்தப்போட்ட துண்டைப் போல் தொங்கியது.

தம்பி கிழக்கு டிரம்மில் குழாயைப் போட்டுவிட்டு அவ்வப்போது தட்டிப் பார்த்தான். ணங்குக்கும் தொம்முக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம். துப்புரவுக்கார அம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் மேடம், இப்ப நீங்க காத்து வரணும்னு வேண்டறீங்களா, வரக்கூடாதுன்னா?"

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகளில் கைக்குழந்தைகள்கூட இருந்தன.

தம்பி சுருட்டிவைத்த துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினான். இரண்டு விரலால் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கினான். மூவரும் அதையே பார்த்தார்கள். நூல் நேராகத் தொங்கியது. பிறகு அதன் நுனி மட்டும், மேற்குப் பக்கமாக, ஒரு மயிரிழை விலகியது.

"கைய ஆட்டாதடா," என்றாள் அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"நான் எங்கக்கா ஆட்டுனேன்?"