வடகரையில் கடல் அமைதி

திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் எண்பது மைலுக்குக் குறையாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் கருவாட்டைப் பார்த்திருக்கிறார்களே தவிர கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷத்து ஐப்பசியில், இலங்கையின் வடகரையில் அன்றைக்கு அலை எத்தனை அடி, காற்று எந்தத் திசை, கடல் ஏறும் பெருக்கு எத்தனை மணிக்கு, இறங்கும் வற்று எத்தனை மணிக்கு என்று திண்டுக்கல் பேகம்பூரில் சும்மா பீடி குடித்துக்கொண்டிருப்பவனைக் கேட்டால்கூடச் சொல்லுவான். எல்லாம் சனாவுல்லா ராவுத்தர் போட்ட பிச்சை.

ராவுத்தர் தோல் வியாபாரி. யாழ்ப்பாணத்துச் செருப்புக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதற்காகத் தொண்டியில் ஒரு தோணியில் பாதிப் பங்கு வாங்கிப் போட்டிருந்தார். தோணியில் பாதி தம்முடையது என்றான பிறகு கடலிலும் பாதி தமக்குப் பாத்தியப்பட்டது என்று அவருக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. அந்தக் கடலை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், கார் ஜன்னல் வழியாக. இறங்கவில்லை. புதுச் செருப்பு.

மதுரையிலிருந்து ரேடியோப் பெட்டி வந்திறங்கியது அதற்கப்புறம். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்ததும் ராவுத்தர் பெட்டி இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேச்சுச் சத்தத்தில் அலைவரிசை கலைந்துவிடும் என்று வீட்டுப் பெண்டுபிள்ளைகளைக்கூட உள்ளே விடுவதில்லை. கால் மணி நேரம் கழித்துத் துருக்கித் தொப்பியும் அத்தர் வாசனையுமாகத் வீட்டை ஒட்டிய தமது தோல் கிட்டங்கியின் வாசற்படியில் வந்து நிற்பார். தெருவில் கூடியிருப்பவர்கள் பீடியை அணைப்பார்கள். கொழும்பு வானொலிக்காரர் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்த கடல் வானிலையை ராவுத்தர் பத்து நிமிஷம் சொல்வார்.

ஒருநாள் சந்தைக்குப் பூ கொண்டுவந்த சம்சாரி சுருளிவேல் கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு, "அங்கன பெருக்கு வந்தா நம்ம குடகனாத்துக்கு வந்துருங்களா, மொதலாளி? கரையில கனகாம்பரம் போட்டுருக்கேன்" என்றார். ராவுத்தர் செத்த நேரம் யோசித்தார். "வராது. நான் பாத்துக்கிறேன்" என்றார். சுருளிவேல் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வருஷம் குடகனாற்றில் வெள்ளம் வரவில்லை. அந்தப் பெருமையும் ராவுத்தர் கணக்கில் சேர்ந்தது.

இந்தப் பெருமைக்கெல்லாம் உயிர் கொடுப்பது ஒரு பேட்டரி. மின்சாரக் கம்பம் தெருமுனை வரை வந்து அதற்கு மேல் வர மனமில்லாமல் நின்றுவிட்டதால், ராவுத்தர் வீட்டு ரேடியோ பேட்டரியில்தான் ஓடியது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கிதர் முகம்மதுவிடம் நாலு நாளைக்கு ஒருதரம் அது வந்து போகும். கிதருக்குக் கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். ஊரில் யார் எங்கே சறுக்கினாலும் அதை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து டீக்கடையில் நடித்துக் காட்டுவான். சிரிக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க வேண்டும், அதுதான் அவன் வைத்திருந்த அளவு.

அந்த வியாழக்கிழமை பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரி கிதருடைய பலகையில் செத்துக் கிடந்தது. நாளைக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு வரலாமென்று சாயங்காலம் கிதர் ராவுத்தர் தெருவுக்குப் போனான். போனால், கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். கடல் அறிக்கை கேட்கத் தாசில்தாரே வருகிறார் என்று ராவுத்தர் நாலு நாளாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தெரு கொள்ளாத கூட்டம். எதிர்வீட்டு வாசலில் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஜெய்தூன் பீவி நின்றாள். ராவுத்தரின் சரக்கோடு தோணியில் போகிறவன் அவள் புருஷன் அப்பாஸ். தொண்டியில் ஆறு நாளாகக் காத்துக் கிடந்தான். வானம் சரியில்லை, போக வேண்டாம் என்று தோணியை ஓட்டும் தண்டல் பக்ருதீன் மறித்து வைத்திருந்தார். ஜெய்தூனுக்கு ஏழு மாசம். அவளுக்குக் காற்றும் வேண்டாம் பெருக்கும் வேண்டாம். கடல் போகிறவனை விடுமா விடாதா, அது ஒன்று தெரிந்தால் போதும்.

ராவுத்தர் வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கிதர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றபடி, இப்போது வெளியே வந்து என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் பார்ப்போம் என்று காத்திருந்தான். சரியாகக் கால் மணி நேரம். கதவு திறந்தது. தொப்பி, அத்தர், வாசற்படி.

"இலங்கையின் வடகரையோரம்" என்று ராவுத்தர் ஆரம்பித்தார். "காங்கேசன்துறை முதல் பருத்தித்துறை வரை கடல் அமைதி. வடகிழக்குக் காற்று மிதம். அலை இரண்டடிக்கு மேல் இல்லை. பெருக்கு காலை ஆறு இருபதுக்கு."

கிதருக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். பேட்டரி அங்கே பலகையில் கிடக்கிறது, கடல் இங்கே ஆறு இருபதுக்குப் பெருகுகிறது! உண்மையான அறிக்கையில்கூட இத்தனை சுத்தமாக ஒரு கடல் இருந்ததில்லை. தாசில்தார் தலையாட்டினார். ஆறு இருபதா, ஆறு இருபத்தைந்தா என்று ஒரு சந்தேகம்கூடக் கேட்டார். ஆறு இருபதுதான் என்று ராவுத்தர் அடித்துச் சொன்னார்.

தாசில்தார் இருக்கிற தைரியத்தில் ராவுத்தர் அதோடு நிற்கவில்லை. கணக்குப்பிள்ளை வேலுசாமியைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, காலையில் தந்தி ஆபீஸ் திறந்ததும் முதல் தந்தி தொண்டிக்குப் போக வேண்டும் என்றார். வாசகத்தையும் அவரே சொன்னார். "வடகரையில் கடல் அமைதி. உடனே புறப்படு."

எதிர்வீட்டு வாசலில் ஜெய்தூன் பீவி நெஞ்சில் கைவைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

அப்போது கிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் வேண்டாம், வேலுசாமி தெருமுனை திரும்பும்போது காதோடு காதாகச் சொல்லியிருந்தாலும் போதும். விடியும்வரை நேரம் இருந்தது. ஆனால் கிதருக்கு அது அத்தனை அருமையான சரக்காகப் பட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. டீக்கடையில் நாற்பது பேர் இருப்பார்கள். இப்போதே ஒருத்தனிடம் சொல்லிவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்? தவிர, திண்டுக்கல்லிலிருந்து ஒரு தந்தி வந்தால் தொண்டித் தண்டல் கடலை விட்டுவிட்டுக் காகிதத்தையா நம்புவார்? அவரும் சிரிப்பார் என்றுதான் கிதர் நினைத்தான். வீட்டில் மனைவி நர்கீஸுக்கு ராவுத்தர் மாதிரியே தொப்பி வைத்து நடித்துக் காட்டினான். அவள் வெஞ்சனம் கருகுகிறது தெரியாமல் சிரித்தாள். கிதர் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் அவன் நினைத்தபடியே நடந்தது. நாற்பது பேரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அந்த நேரத்தில் தொண்டியில் தோணி பாய் விரித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் பதினோரு நாள் சேதி இல்லை. பன்னிரண்டாம் நாள் தண்டல் பக்ருதீன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் உரிந்து போயிருந்தது. பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் ஒரு ராத்திரி கிடந்திருக்கிறார். ஜமாஅத் கூடியது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி என்ற முறையில் நடுவில் உட்கார்ந்தவர் சனாவுல்லா ராவுத்தர். நாற்பது டீ கிளாஸ்காரர்களும் வந்திருந்தார்கள். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே ஜெய்தூன் பீவி.

தண்டல் அதிகம் பேசவில்லை. கிழக்கே மேகம் கறுத்துக் கிடந்தது என்றும், வேண்டாம் என்று மறித்தேன் என்றும், அப்பாஸ் தந்தியைக் காட்டிப் பங்குக்காரர் உத்தரவு என்றான் என்றும் சொன்னார். வடகரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் காற்று திரும்பித் தோணியைக் கவிழ்த்தது. அப்பாஸ் ஒரு தோல் கட்டைப் பிடித்திருந்தான். அடுத்த அலை இறங்கியபோது கட்டும் இல்லை, அவனும் இல்லை.

 கிதர் எழுந்தான். டீக்கடையில் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. அன்றைக்குப் பேட்டரி தன்னுடைய பலகையில் கிடந்தது, ரேடியோ பாடவே இல்லை, ராவுத்தர் சொன்னது அத்தனையும் கற்பனை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

ராவுத்தர் கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார். "நான் சொல்றப்ப நீ எங்கப்பா இருந்தே?"

"அங்கனதான். தெருவுல."

"தந்தி குடுக்கச் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டு என்ன செஞ்சே?"

 டீ கிளாஸ்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சிரிச்சான். மறுநா எங்களையும் சிரிக்க வச்சான்."

ராவுத்தர் அந்த வார்த்தை நன்றாக ஊறும்வரை காத்திருந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். ஒருத்தன் தெரிந்தே ஓர் உயிரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு டீ குடித்திருக்கிறான் என்று அவர் நினைக்கத் தயாரில்லை. கிதர் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. ஆகவே இப்போது பயத்தில் எதையோ உளறுகிறான். வீட்டில் பழைய பேட்டரி ஒன்று உண்டு. அதைப் போட்டுத்தான் அன்றைக்குக் கேட்டார். கடல் அமைதி என்றது வரை கேட்டது, அதோடு பேட்டரி செத்துவிட்டது. பிற்பாதியில் எச்சரிக்கை ஏதாவது சொல்லியிருக்கலாம். நல்ல பேட்டரி நேரத்துக்கு வந்திருந்தால் அதையும் கேட்டிருப்பார். வராதது யாருடைய குற்றம் என்று தாம் சொல்லப்போவதில்லை என்றார் ராவுத்தர். அப்புறம் தண்டல் பக்கம் திரும்பினார்.

"அப்பாஸ் மவுத்தானத நீங்க கண்ணால கண்டீகளா?"

"அலையில போனதக் கண்டேன்."

"மையித்தக் கண்டீகளா?"

"இல்ல."

"வடகரை பக்கத்துலதான் இருந்துச்சுன்னீக. நீந்தி ஒதுங்கிருக்க மாட்டான்னு சத்தியம் பண்ணுவீகளா?"

தண்டல் உரிந்த கைகளைப் பார்த்தபடி இருந்தார். சத்தியம் பண்ணவில்லை.

அவ்வளவுதான். ஜமாஅத் முடிவு சொல்லியது. செத்த உடம்பை, மையித்தை, கண்டவர் இல்லாததால் மவுத் இல்லை. மவுத் இல்லாததால் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை இல்லை. ஜெய்தூன் பீவி விதவை இல்லை, விதவை வீட்டோடு அடைந்து இத்தா இருக்க வேண்டியதும் இல்லை. புருஷன் வருகிறானா என்று நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். மவுத்தே இல்லாதபோது அதற்குக் காரணமானவர் என்று யாரும் இருக்க முடியாது என்பதை மட்டும் ஜமாஅத் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கிதர் ஜெய்தூன் பீவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனிமேல் பேட்டரியை அவனே சுமந்து, மஃரிபுக்கு முன்னால் ராவுத்தர் வீட்டில் சேர்க்க வேண்டும். வடகரையிலிருந்து சேதி எதிர்பார்த்து ஒரு பொம்பளை இருக்கிறாள் அல்லவா.

கிதர் மன்னிப்புக் கேட்டான். ஜெய்தூன் பீவி கேட்டுக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் மறுபடியும் பகலில் கரண்ட் போயிற்று. சாயங்காலம்தான் வந்தது. பேட்டரியில் பாதி சார்ஜ்கூட ஏறவில்லை. கிதர் இருந்தமட்டும் போதும் என்று அதைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். ஆசிட் கசிந்து சட்டைத் தோளைத் தின்றுகொண்டிருந்தது. தெருமுனை திரும்பும்போதே குரல் கேட்டது. ராவுத்தர் வாசற்படியில் நின்றார். தொப்பி, அத்தர், கூட்டம்.

"இலங்கையின் வடகரையோரம்" என்றார். கூட்டத்துக்குப் பின்னால், தலையில் பேட்டரியோடு நிற்கும் கிதரைப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "கடல் அமைதி. பெருக்கு காலை ஐந்து நாற்பதுக்கு. கரை ஒதுங்கத் தோதான காற்று."

கரை ஒதுங்கத் தோதான காற்று என்று எந்த வானொலியும் சொல்வதில்லை. அது ஜெய்தூன் பீவிக்காக ராவுத்தர் சொந்தமாகச் சேர்த்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் அவருடைய நல்ல மனசை நினைத்து உச்சுக்கொட்டினார்கள்.

கிதர் வாயைத் திறந்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. ஜெய்தூன் பீவி மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனிடம் வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அன்றைய நல்ல சேதியில் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"தம்பி, இன்னைக்கிம் லேட்டாக்கிட்டியே" என்றாள். "பழைய பேட்டரியிலதான் கேட்டுருக்காக போல. பாதியில நின்னுருக்கும். பின்னால அவரப்பத்தி ஏதும் சொல்லிருந்தா? நாளையிலருந்து நேரத்துக்குக் கொண்டாந்துருப்பா."

கிதர் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"சரி, லாத்தா" என்றான்.