சிங்கம் கேட்டவருக்கு எருமை

அபிராமி கம்ப்யூட்டரில், கோரல் டிராவில் ஒரு வளைவு போட்டால், அதன்மேல் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்துவிடும். அவிநாசி ரோட்டில் இருந்த அந்த பனியன் கம்பெனியின் டிசைன் ரூமில், அவள் மானிட்டருக்குக் கீழே செத்துக் கிடக்கும் ஈக்களைத் தினமும் காலையில் பெருக்கித் தள்ளுவார்கள். நம்பாதவர்கள் பெருக்குகிற கருத்தம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம். அவள் பொய் சொல்ல மாட்டாள். அவளுக்கு அதற்கு நேரமில்லை.

அப்படிப்பட்ட கை, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து சேர்ந்த நாள் முதல் கம்பெனிக்காகச் சொந்தமாய் ஒரு கோடு போட்டதில்லை. ஓனர் மகுடேஸ்வரன் வெளிநாட்டுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார். அதை ஸ்கேன் பண்ணி, படத்தின் ஓரம் முழுக்கப் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இழுத்துத் திரும்ப வரைய வேண்டும். பிறகு எவனும் கேஸ் போடாதபடிக்கு மூக்கை இந்தப் பக்கம் கொஞ்சம், காதை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட வேண்டும். இப்படி அவள் மூக்கை நகர்த்திய ஓநாய்களுக்கும் கழுகுகளுக்கும் கணக்கில்லை. சில கழுகுகளுக்குக் கடைசியில் கிளிமூக்கே வந்துவிட்டது. அவற்றையும் காதர்பேட்டை பனியன் சந்தையில் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

அன்றைக்கு வந்தது சிங்கம். காதர்பேட்டை வியாபாரி ஒருவர் அச்சு அசலாய் அதே மாதிரி வேண்டும் என்றாராம், பிடரி மட்டும் லேசாகக் கலைந்திருக்கட்டுமாம்.

"போட மாட்டேன் சார்," என்றாள் அபிராமி.

மகுடேஸ்வரன் கத்துகிற ஆள் இல்லை. உடம்புக்குச் சுகமில்லீங்களா என்று மரியாதையாகத்தான் விசாரித்தார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்தவன் படத்தின்மேல் இனிப் புள்ளி வைப்பதாக இல்லை, நானே வரைந்தது ஒன்று இருக்கிறது, இந்தத் தடவை அதுதான் துணியில் ஏறணும் என்று சொல்லி, அவள் மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

எருமை. ஊத்துக்குளியில் ரூம் எடுத்துத் தங்கி, அங்கிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், ஜன்னல் வழியாகப் பார்த்ததை வரைந்திருந்தாள். கொம்புக்கு மூன்றே புள்ளிதான் வைத்திருந்தாள். ஆனாலும் மகுடேஸ்வரன் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

"ஏங்கண்ணு, எருமையை நெஞ்சுல போட்டுக்கிட்டு எவன் ரோட்டுல போவான்?"

"சிங்கத்தைப் போட்டுக்கிட்டுப் போறவன் மட்டும் என்ன சார், வேட்டைக்கா போறான்? டீக்கடைக்குத்தானே போறான்."

ரூமில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதனால்தான் அவருக்கு ரோஷம் வந்தது. எருமையைப் புளியங்கொட்டை அளவுக்குச் சுருக்கி முதுகில் எங்கேயாவது வைத்துக்கொள், நெஞ்சில் சிங்கம்தான். சாயங்காலத்துக்குள் அது பிரிண்டிங்குக்குப் போகவில்லையென்றால் இந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அபிராமி சிங்கச் சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். எருமையின் மூலையைப் பிடித்து இழுத்தாள். போட்டோவை இப்படி இழுத்தால் கட்டம் கட்டமாக உடைந்து பல்லிளிக்கும். கோரலில் வரைந்த கோடு எவ்வளவு இழுத்தாலும் உடையாது. எருமை ஒரு சட்டையைத் தாண்டியது, மேஜையைத் தாண்டியது, கம்பெனி கேட்டின் அகலத்துக்கு வந்த பிறகுதான் மவுசிலிருந்து கையை எடுத்தாள். வாலுக்கு இடம் விடுவதற்காகப் பக்கத்துக் கம்பெனியில் மெஷின்களையெல்லாம் நகர்த்தினார்கள் என்று சொல்கிறார்கள். அது கொஞ்சம் மிகை. ஒரு ஃபேனைத்தான் அணைத்தார்கள்.

பிறகு அந்த எருமையைச் சட்டைக்கு ஒரு துண்டாகப் பிரித்து, பிரிண்டிங் பார்க்கும் சகாயராஜுக்கு அனுப்பினாள். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். படியேறி வந்து, "எக்கா, நெசமாவா சொல்லுதிய?" என்று ஒரே தடவை கேட்டான். நெசந்தான் என்றாள். போய் அச்சு ஓட்டிவிட்டான்.

காதர்பேட்டையில் பண்டலைப் பிரித்தார் வியாபாரி. முதல் சட்டையில் வெறும் கறுப்பு. அடுத்ததிலும் கறுப்பு. அதற்கடுத்ததில் பாதிக் குளம்பு. அதற்குக் கீழே இருந்ததில் ஒரு கண், அவரையே பார்த்தது. பண்டலை மூடி, அதன்மேல் எடைக்கல்லையும் தூக்கி வைத்து, கல்லோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

மகுடேஸ்வரன் அப்போதும் கத்தவில்லை. நாளைக்கு வர வேண்டாமுங்க என்று அபிராமியிடம் சொன்னார். திரும்பி வந்த சட்டைகளை வேலைக்காரர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். அங்கேதான் தப்புப் பண்ணினார்.

மறுநாள் அவர் கார் வந்தபோது, கேட்டை அடைத்துக்கொண்டு எருமை நின்றது. டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர், ஒடிசாக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டை மாட்டிக்கொண்டு, கீழ்வரிசை உட்கார்ந்தும், நடுவரிசை நின்றும், மேல்வரிசை கட்டிங் டேபிள்கள் மேல் ஏறியும் அணி சேர்ந்திருந்தார்கள். சகாயராஜ் எதிரே நின்று, கொம்பை இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லி, முழங்காலை முதுகு நிமிர்த்தச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாக நின்றவள் கருத்தம்மா. எல்லாரும் மூச்சு விட, எருமையின் வயிறு ஏறி இறங்கியது. வர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அபிராமி வழக்கத்தைவிட முன்னதாகவே வந்திருந்தாள்.

டிரைவர் வீரன் ஹாரன் அடித்தான். எருமை அசையவில்லை. இன்னொரு தடவை நீளமாக அடித்தான்.

"சிங்கமா இருந்தா இந்நேரம் ஒதுங்கியிருக்குமுங்க," என்று வயிற்றிலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

மகுடேஸ்வரன் இறங்கினார். கொம்பிலிருந்து வால்வரை பார்த்தார். பனியன் தொழிலிலேயே பழுத்த கண். எங்கேயாவது கோடு பிசிறடித்திருந்தால் பிடித்திருக்கும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாலிலிருந்து கொம்புவரை திரும்பவும் பார்த்தார். பிசிறு இல்லை.

"போய் உன்ற சீட்டுல உக்காரு கண்ணு," என்றார்.

"இனி எதையும் பாத்து வரைய மாட்டேன் சார். என் படந்தான்."

"அதை இப்ப ஆரு கேட்டா? மொதல்ல இதை நகரச் சொல்லு. நான் ஆபீஸுக்குப் போகோணும்."

அபிராமி எருமையைப் பார்த்தாள். அது நகருகிற மாதிரி தெரியவில்லை.

"வால் பக்கமாச் சுத்திப் போங்க சார்."

அவர் வால் பக்கமாகப் போனார். வாலாக நின்ற அயர்ன் மாஸ்டர், ஓனருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதைக்காக வயிற்றை மட்டும் கொஞ்சம் எக்கிக்கொண்டார்.