எண்ணூறில் மீதி நரிகள்

1908-ஆம் வருஷம் ஐப்பசி ஐந்தாம் தேதி சாயங்காலம் முதல் பாலிகஞ்சில் வைத்தீஸ்வரனின் வீட்டில் எழுநூற்று இருபத்தொன்பது நரிகள் குடியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட எங்கும் பிறந்ததில்லை. வீடு, கிணற்றடியையும் கொல்லையையும் சேர்த்து, வங்காள நில அளவில் இரண்டு கட்டா. ஒரு பிகாவில் பத்தில் ஒரு பங்கு. பிகாவுக்கு ஏழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு நரி என்று அவரே பெருக்கிப் பார்த்தார். வங்காள மாகாணத்தில் வேறெங்கும் இத்தனை நெருக்கமாக நரி வாழ்ந்ததாகத் தகவல் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்த ஒரு குமாஸ்தாவுக்கு இந்தப் பெருமை கிடைத்ததே என்று அவர் சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்ப்பதில்லை.

நகரத்து ஓரங்களின் துப்புரவைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. பாலிகஞ்ச் அப்போது பாதி குளம், பாதி மூங்கில் புதர். அந்தி சாய்ந்தால் நரிகள் ஊளையிடும். அவர் மனைவி அனந்தலக்ஷ்மிக்குக் குழந்தை இல்லை, வங்காளி பாஷையும் வரவில்லை. வந்து ஏழு வருஷத்தில் அவள் தினமும் பேசியது இரண்டே ஜீவன்களோடு. ஒன்று ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து வரும். மற்றது அதற்கு அரை மணி முன்னால் இடது முன்னங்காலை நொண்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் வரும், பெண் நரி. இலையில் வைத்த தயிர் சாதத்தைத் தின்றுவிட்டு, மாம்பலகைக் கதவு இற்றுப்போனது, ஊரிலிருந்து கடுதாசி வராதது எல்லாவற்றையும் காதை நிமிர்த்திக் கேட்டுவிட்டுப் போகும். இரண்டில் எது கவனமாகக் கேட்கிறது என்று வைத்தீஸ்வரன் அவளிடம் விசாரித்ததில்லை. பதில் அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் சித்திரையில் உத்தரவு வந்தது. பாலிகஞ்சின் நானூறு பிகாவில் எத்தனை நரி என்று கணக்கிட வேண்டும். பிகாவுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் விஷம். குறைவாக இருந்தால் அவற்றின் பாட்டுக்கு விட்டுவிடலாம். வரிசையில் நிற்காத பிராணியை எப்படி எண்ணுவது என்று ஆபீஸே விழித்தபோது, தலைமைக் குமாஸ்தா மஹாதேவனுக்குத் தம் பெண் ஜெயலக்ஷ்மியின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பந்தி தீராமல் சமையல்காரர் கலங்கி நின்ற அன்று, வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கண்டுபிடித்தவர் வைத்தீஸ்வரன். முதல் பந்தியில் உட்கார்ந்த நாற்பது பேர் புறங்கையில் சந்தனம் வைத்தார். அடுத்த பந்தி நாற்பது பேரில் இருபது கையில் சந்தனம் இருந்தால் ஊரே எண்பது பேர்தான். சாப்பிட்டவர்களே மறுபடி சாப்பிடுகிறார்கள். இரண்டே கையில் இருந்தால் எண்ணூறு பேர். அரிசிக்கு ஆள் அனுப்ப வேண்டும். அன்று இருபது இருந்தது. யாரும் அரிசிக்கு ஓடவில்லை.

நரிக்கு என்ன அடையாளம் என்பதில் மட்டும் பேச்சு வந்தது. காதில் ஒரு துண்டு வெட்டினால் போதும் என்றார் துரை. வைத்தீஸ்வரன் ரத்தம் பார்த்தால் மயங்குகிறவர். அதை மறைக்க, காது வெட்டினால் நரிக்குச் சீழ் பிடிக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அனந்தலக்ஷ்மி உட்கார்ந்து ஒரு கிண்ணம் சந்தனம் அரைத்தாள். வைகாசிக் கடைசியில் டாலிகஞ்ச் வலைக்காரர்கள் நாற்பது நரிகளைப் பிடித்தார்கள். நாற்பதின் நெற்றியிலும் அவர் சம்பந்திகளுக்கு இடுவதுபோல் மரியாதையாக இட்டு அனுப்பினார். நொண்டிக்கு அனந்தலக்ஷ்மியே இட்டாள். பதினைந்து நாள் கழித்து மறுபடி நாற்பது பிடித்தார்கள். இரண்டு நெற்றியில்தான் சந்தனம் இருந்தது, நொண்டி நெற்றியிலும் அதோடு ஒண்டித் திரிந்த ஒரு குட்டி நெற்றியிலும். நாற்பதை நாற்பதால் பெருக்கி இரண்டால் வகுத்து, எண்ணூறு, பிகாவுக்கு இரண்டு என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். துரை அவர் கையைக் குலுக்கினார். அந்தக் கையை அன்று முழுவதும் அவர் ஜோபியில் வைத்துக்கொள்ளவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே அனந்தலக்ஷ்மி கேட்டாள். "ஏன்னா, நடுவிலே மூணு நாள் அந்த மழை கொட்டித்தே. சந்தனம் நின்னிருக்குமோ? இது ரெண்டும் நம்மாத்துத் தாழ்வாரத்துலேன்னா ஒண்டிண்டிருந்தது."

அவர் கையலம்பவில்லை. ரசம் ஆறும்வரை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நடந்தது மாசி மாதத்தில், பந்தலுக்குக் கீழே. விடிந்ததும் முதல் டிராமில் போய் மஹாதேவன் முன்னால் நின்றார். நூறு நரிகூடத் தேறாது, தப்பு என்னுடையது, என் மண்டையில் இருப்பதும் அதே சந்தனம்தான், மழைக்கு நிற்காது என்றார். மஹாதேவன் கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொல்லி வெற்றிலை கொடுத்தார்.

"எண்ணூறுன்னு துரை கையெழுத்துப் போட்டாச்சுங்காணும். அச்சுக்கும் போயாச்சு. இனிமே நரிதான் அதுக்குத் தகுந்தாப்போல நடந்துக்கணும்."

நரிகள் அப்படித்தான் நடந்துகொண்டன. ஆவணியில் எட்டி விஷம் தடவிய இறைச்சி எண்ணூறு பொட்டலங்கள் புதர் புதராகப் போயின. அனந்தலக்ஷ்மி நொண்டிக்கு அழிந்த சந்தனத்தை மறுபடி இட்டு, இரட்டைப் பங்கு சாதம் வைத்தாள். வயிறு நிறைந்தால் வேறெங்கும் வாய் வைக்காது என்று நம்பினாள். குட்டி போனபின் அது சாதத்தை மோந்து பார்த்துவிட்டு, அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, குட்டி கிடந்த பக்கமாகப் போய்வர ஆரம்பித்தது. புரட்டாசியில் ஒரு நாள் ஐந்தரைக்கு வரவில்லை. செத்தவற்றின் பட்டியல் வைத்தீஸ்வரன் பொறுப்பு. எழுபத்தொன்றாவது வரியில், பெண், இடது முன்னங்கால் ஊனம், நெற்றியில் சந்தனக் கறை என்று எழுதினார். கையெழுத்து நன்றாகவே இருந்தது. அதற்காக அவர் தம்மை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு எழுத வரி எதுவும் இல்லை. பாலிகஞ்சில் அந்தி வாயடைத்துப் போயிற்று.

மீதி எழுநூற்று இருபத்தொன்பது எங்கே என்று ஆபீஸ் எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. அவை ஒருபோதும் இருந்ததில்லை என்று அவர் பதில் எழுதினார். எண்ணூறு என்று அச்சிட்டபின் அந்தப் பதிலைக் கோப்பில் சேர்க்க இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஐப்பசி ஐந்தாம் தேதி அவர் வீடு திரும்பும்போது மீதி நரிகள் வாசல் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு எடை இல்லை, வாடை இல்லை. மடித்த வேஷ்டிகள்போல் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டதால் இரண்டு அறையிலும் கிணற்றடியிலும் சிரமமின்றி அடங்கின. ஆபீஸிலிருந்து வந்து எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் கோப்பை மூடினார்கள். விஷத்தை அவை தொடவில்லை. இல்லாததைக் கொல்ல அலுவலகத்திலும் வழி இல்லை.

வந்த அன்று அனந்தலக்ஷ்மி கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எழுநூற்று இருபத்தொன்பதையும் பார்த்து முடிக்க இரண்டு தடவை எண்ணெய் விடவேண்டியிருந்தது. வைத்தீஸ்வரன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதைத் தேடுகிறாள் என்று தெரிந்ததால் உள்ளே வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் நன்னாத்தான் நடக்கறது. ஒண்ணுகூட நொண்டலை."

நாலு வருஷம் கழித்துத் தலைநகரம் டெல்லிக்குப் போனபோது அந்த அலுவலகத்தைக் கலைத்துவிட்டார்கள். மஹாதேவன் காசிக்குப் போய்விட்டார். நரிகளை அழைத்துப் போகும்படி யாருக்கும் உத்தரவு இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஆனி மாதம், வெளியே மழை கொட்டும்போது, வைத்தீஸ்வரன் நாற்பது நெற்றியில் சந்தனம் இட்டு, பதினைந்து நாள் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு நாற்பதைத் தொட்டுப் பார்த்து, பெருக்கி வகுத்தார். எல்லா வருஷத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தால் விடை சுமார் எழுநூற்று முப்பதில் வந்து நின்றது. கூரைக்கு அடியில், பிறக்காத நரிகளிடத்தில், அவருடைய முறையில் ஒரு பிசகும் இல்லை.

ஐந்தரைக்கு அனந்தலக்ஷ்மி இலையில் தயிர் சாதம் பிசைந்து எடுத்துவருவாள். சித்த நகருங்கோ என்பாள். அவை எழுந்து வழிவிடும். கொல்லையில் இலையை வைத்து, விளக்கேற்றும் நேரம்வரை நின்றுவிட்டு, அவை விட்ட வழியாகவே திரும்பி வருவாள்.