துண்டுக்காரரும் வக்கீலும்

...ஆனால் அவள் ஏன் துண்டுக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், அதுதான் இந்த வாரம் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை, கடையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் அதே நினைப்பு, பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அதே நினைப்பு, இதோ அவள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போதும் அதே, முதல் நாள் நான், வக்கீல் என்று நாங்கள் கூப்பிடுகிற எழுத்தாளரின் நாவலைத்தான் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், எனக்குப் பிடிக்காத ஆள், ஆனாலும் அவளுக்குப் பிடித்தவர், உடம்பு முடியாதவளுக்கு அவள் விரும்புகிறதை வாசித்துக் காட்டுவதுதானே முறை, மனதைத் தேற்றிக்கொண்டு அட்டையைத் திறக்கப் போனால், "வேணாம் அண்ணி, உங்க ஆளையே படிங்க, ஷெல்ஃப்ல இருக்கு," என்கிறாள். பாப்பாவா இப்படிச் சொல்வது? பாப்பா என் கணவரின் தங்கை, ஐம்பதை நெருங்குகிறாள், முன்நெற்றியில் நரை, இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவள் மேஜை முன்னால் வந்து நிற்பவர்களுக்கு நாக்கு உலரும், ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் பாப்பாதான், கடைசியாகப் பிறந்தால் அப்படித்தான். ஒரு கண் சிறுவயதிலிருந்தே மங்கல். மற்றொன்றை வைத்துத்தான் இத்தனை புத்தகங்களையும் படித்தாள், அந்த நல்ல கண்ணில்தான் போன வாரம் விழித்திரை கிழிந்தது, ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு காற்றுக் குமிழியை வைத்திருக்கிறார்கள், அது மேலே எழும்பிக் கிழிந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், அதற்காக இரவும் பகலும் குப்புறப் படுத்தே கிடக்கிறாள். நாளைக் காலையில் டாக்டர் பார்த்து, ஒட்டிக்கொண்டதா இல்லையா என்று சொல்வார். ஒட்டாவிட்டால்... அதை நான் நினைக்க மாட்டேன், கடவுளே, உனக்குத் தெரியாததா, அவளுக்குப் படிப்பதைத் தவிர வேறு என்ன ஆசை இருந்திருக்கிறது.

கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. கட்டிலில் அவள் முதுகும் பின்னந்தலையும், முகம் ஃபோம் மெத்தையில் வெட்டிய ஓட்டைக்குள், அந்த ஓட்டையை என் கணவர் ரொட்டி வெட்டும் கத்தியால் வெட்டினார், ஒரு பக்கம் கோணல், "அண்ணன் வெட்டின ஓட்டைக்கு எங்க ஆபீஸ்ல க்ளெய்ம் போட்டா ஒரு பைசா பேராது," என்று அன்றைக்கு அதற்குள்ளிருந்து சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு கேலிதான், அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க அவள் வாயிலிருந்து வேறு எதுவும் வரவில்லை. தரையில் ஓட்டைக்கு நேர் கீழே, கட்டில் பலகை ஒன்றைக் கழற்றிய இடத்தில், ஒரு கைக்கண்ணாடி, யார் வந்தார்கள் என்று மங்கலான கண்ணால் பார்த்துக்கொள்வதற்கு. டம்ளரில் குழல் போட்டுத் தண்ணீரை நீட்டினேன், குடித்தாள், காய்ந்த துணிகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன, போர்வைகள் மட்டும் மடிக்காமல் இருந்தன, அவற்றைத் தனியாளாக மடித்தால் மூலைகள் சேராது. அந்தக் குவியலைப் பார்த்ததும் மனம் எங்கேயோ போய்விட்டது... நாங்கள் சண்டை போட்டதெல்லாம் போர்வை மடிக்கும்போதுதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் வேறு யாருக்கும் கதைப் புத்தகம் பிடிக்காது, ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போவோம், அவள் ஒரு நுனி, நான் ஒரு நுனி, உதறி, இழுத்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்து, மறுபடியும் விலகி. விலகும்போது அவள் ஒன்று சொல்வாள், நெருங்கும்போது நான் பதில் சொல்வேன், சில நாள் கோபத்தில் அவள் இழுக்கிற இழுப்பில் போர்வை என் கையிலிருந்து நழுவிவிடும். கீழேயிருந்து என் கணவர் குரல் கொடுப்பார், நீங்க சண்டை போடற ரெண்டு எழுத்தாளரும் செத்துப் போயாச்சு, யார் ஜெயிச்சா யாருக்கு என்ன, டீ ஆறுது, என்று.

அவர்கள் இருவரும் பெரிய நாவலாசிரியர்கள், புத்தகம் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள், எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லை. என் ஆளுக்குத் துண்டுக்காரர் என்று பெயர் வைத்தவள் பாப்பா. அவருடைய நாவலில் பாலத்துக் காவல்காரன் ஒருவன் வருவான், அவனுடைய தம்பி பொய்க் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்றுவிட்டு ஓடிப்போனவன், பல வருடம் கழித்து ஒரு மழை இரவில் வந்து கதவைத் தட்டுவான், அண்ணன்காரன் ஒரு வார்த்தை கேட்க மாட்டான், கொடியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து நீட்டுவான். அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன், மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், கடவுளுக்கு முகம் இருந்தால் அந்தக் காவல்காரனின் முகம்தான் என்றுகூட. பாப்பாவுக்கு அது பொறுக்காது. அவளிடம் நாள் பூராவும் வருகிறவர்கள், எரிந்த கடைக்குள் இல்லாத சரக்கெல்லாம் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறவர்கள், நன்றாக ஓடுகிற காலை நொண்டிக்கொண்டு வருகிறவர்கள், அவர்களையெல்லாம் கேள்வி கேட்டே பழகியவள். அவளுடைய ஆளுக்கு வக்கீல் என்று நான் பெயர் வைத்தேன், அவர் கதையில் யாரும் தப்ப முடியாது, குழந்தையைக்கூடக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். அவர் நாவலிலும் ஒரு கதவு உண்டு. வெளியே துரோகம் செய்த தங்கை தட்டுகிறாள், உள்ளே அக்காக்காரி எழுந்திருக்கவே இல்லை, விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறாள், காலையில் பார்த்தால் வாசலில் யாரும் இல்லை. அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, இவரெல்லாம் பேனாவைத் தொடலாமா என்று பாப்பாவிடம் போய்க் கத்தினேன். அவள் சிரித்தாள், நிஜத்தில் யாரும் திறக்க மாட்டாங்க அண்ணி, உங்க ஆளு பொய் சொல்றார், என் ஆளு சொல்லலை, அவ்வளவுதான் வித்தியாசம், என்றாள்.

துணிக் குவியலை எடுத்து என் பை மேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பின்னந்தலையைப் பார்த்து வாசிப்பது விசித்திரமாக இருக்கிறது, முகம் இல்லாத ஆளிடம் கதை சொல்வது போல, கொட்டாவி விட்டாலும் தெரியாது, உதட்டைச் சுழித்தாலும் தெரியாது. நேற்று வரைக்கும் எத்தனை அத்தியாயம், ஒரு இடத்திலாவது, 'ஆரம்பிச்சுட்டார் உங்க ஆளு' என்று சொல்ல வேண்டாமா, சொல்லவில்லை. நானும் இடம் கொடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ம், மேலே படிங்க, என்கிறாள், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது. சண்டைக்கு வராத பாப்பாவை நான் பார்த்ததில்லை, ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போதுகூடத் தள்ளுவண்டிக்காரரிடம் சக்கரத்தைப் பற்றிச் சண்டை போட்டாளே... மனதில் இனி என்ன என்று முடிவு கட்டிவிட்டாளோ, கண் போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டாளோ, அதனால்தான் யார் எழுதினால் என்ன, எதைப் படித்தால் என்ன என்று ஆகிவிட்டதோ. இல்லை, எனக்காகவா, இந்த அண்ணி தினமும் கடையில் கால் கடுக்க மெஷின் மிதித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறாளே, அவளுக்குப் பிடித்ததையாவது வாசிக்கட்டும் என்றா? அப்படியானால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, பிடிக்காததை வாசிக்க வந்தவள் பிடித்ததை வாசித்து, பிடித்ததைக் கேட்க வேண்டியவள் பிடிக்காததைக் கேட்டு, நல்ல கூத்து. இதில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. வாய்விட்டு வாசிக்கும்போது என் துண்டுக்காரர் கொஞ்சம் தித்திக்கிறார். கண்ணால் படிக்கும்போது தெரியவில்லை, காதில் விழும்போது தெரிகிறது, இவ்வளவு நல்லவர்களா ஒரே தெருவில், பால்காரரும் நல்லவர், தபால்காரரும் நல்லவர், நாய்கூடக் குரைப்பதற்கு முன் யோசிக்கிறது. பாப்பா இத்தனை வருடம் சொன்னது இதைத்தானோ. எனக்கே கூச்சமாகி, முந்தாநாள் ஒரு வாக்கியத்தை விட்டேன், நேற்று இரண்டு. ஆல்டரேஷனுக்கு வருகிற சட்டையில் உள்பக்கமாகக் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் வெளியே தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கே தெரியாது, அது மாதிரி.

இன்றைக்கு அந்த மழை இரவு அத்தியாயம் வந்துவிட்டது. வரப்போகிறது என்று தெரியும், தெரிந்தே தொண்டையைச் செருமிக்கொண்டேன். தம்பி தட்டுகிறான், காவல்காரன் விளக்கைத் தூக்கிப் பார்க்கிறான், கொடியிலிருந்து துண்டை எடுக்கிறான், நீட்டுகிறான். 'முதலில் தலையைத் துவட்டு' என்கிறான். அதற்கு அடுத்த வரி எனக்கு மனப்பாடம், 'விடியட்டும், எல்லாம் சரியாகிவிடும்.' கண் அந்த வரியில் நின்றுவிட்டது. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ, சரியாகிவிடும் என்று நான் எந்த வாயால் சொல்வது, கட்டிலில் கிடக்கிறவளின் பின்னந்தலையைப் பார்த்து, கதையில் யாரோ யாருக்கோ சொன்னது மாதிரி... அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடலாமா அதை? அந்த வரியைத் தாண்டினேன். தம்பி துவட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போய்விட்டேன், குரல்கூட மாறவில்லை என்றுதான் நினைத்தேன்.

"ஒரு வரியை விட்டுட்டீங்க அண்ணி."

ஓட்டைக்குள்ளிருந்து வந்தது, ஃபோமில் அடைபட்ட குரல். பக்கம் ஒட்டிக்கொண்டது என்று ஏதோ உளறினேன்.

"நேத்தும்தான் ஒட்டிக்கிச்சு, முந்தாநாளும் ஒட்டிக்கிச்சு. பால்காரர் சிரிச்சதைக் காணோம், நாய் வாலாட்டினதைக் காணோம். துண்டுக்காரரை நீங்களே வெட்டினா எப்படி?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவளுக்கு எப்படித் தெரியும், பிடிக்காத புத்தகமாயிற்றே. கேட்டேன். பிடிக்கலைன்னா படிக்க மாட்டாங்களா, என்றாள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்ககிட்ட வாய் கொடுத்து மாட்டிக்கக் கூடாதே, சனிக்கிழமையெல்லாம் அவரைத்தான் படிச்சேன், எந்த வரியில உங்களைப் பிடிக்கலாம்னு. சனிக்கிழமைகள். இத்தனை வருடச் சனிக்கிழமைகள், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, தனக்குப் பிடிக்காத ஒருவரை வரி வரியாக... எனக்காகவா, என்னை எதிர்க்கவா, இரண்டும் ஒன்றுதானா? அப்போதுதான் தைரியம் வந்தது, ஒரு வாரமாக வயிற்றில் கிடந்ததைக் கேட்டேன், அப்படியானால் வக்கீலை ஏன் வேண்டாம் என்றாய் பாப்பா.  அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"வக்கீலை நீங்க கடமைக்குப் படிப்பீங்க, குரல்லயே தெரிஞ்சிடும். இவரைன்னா நம்பிப் படிப்பீங்க. இப்ப எனக்கு யாராவது எதையாவது நம்பறது காதுல விழணும் அண்ணி, அது தப்பாவே இருந்தாலும் பரவாயில்ல. நீங்களே வரியை விட ஆரம்பிச்சா நான் யாரோட சண்டை போடறது?"

 புத்தகத்தைத் தூக்கி, விட்ட இடத்துக்குத் திரும்பினேன், துண்டை எடுத்தான், நீட்டினான், முதலில் தலையைத் துவட்டு, என்றான், 'விடியட்டும், எல்லாம் சரியாகிவிடும்' என்றான். காவல்காரன் சொன்னது மாதிரியே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், என் குரல் கடைசிச் சொல்லில் சற்றே தடுமாறியது, ஆனாலும் சொல்லிவிட்டேன், நம்பித்தான் சொன்னேன், தித்தித்தால் தித்திக்கட்டும். பாப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா? கீழே கைக்கண்ணாடி கிடக்கிறது, கொஞ்சம் குனிந்தால் அவள் முகம் முழுதும் அதில் தெரியும், அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்ற சாக்கும் எனக்கு இருந்தது, ஒரு நிமிடம் கழுத்துகூடச் சாய்ந்தது... வேண்டாம். முகத்தை மறைத்துக்கொள்ள அவளுக்கு இந்த ஒரு வாரம்தான் கிடைத்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த வரியை வாசித்தேன். தம்பிக்காரன் துவட்டி முடித்துத் துண்டை மடித்து வைப்பதற்குள் ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்துவிட்டது, "கேட்டிருக்கணும். வீட்டை என்னடா பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம மன்னிக்கிறது சோம்பேறித்தனம்." ஈரத்தோட நிற்கிறவனை என்ன கேட்பது, துவட்டின பிறகு கேட்கலாமே, என்றேன். துவட்டின பிறகும் அவர் கேக்கலையே, அடுத்த அத்தியாயத்துலயும் கேக்கலை, அதுக்கடுத்ததுலயும் கேக்கலை, கடைசிவரைக்கும் துண்டு மட்டும்தான், என்றாள். எனக்குக் கோபம் வந்தது, என்ன நல்ல கோபம், ஆண்டவனே, ஒரு வாரமாக எங்கே வைத்திருந்தாய் இதை. உன் வக்கீலின் அக்கா கதவையே திறக்கவில்லை, அவளுக்கு இவன் எவ்வளவோ மேல், என்றேன்.

"திறக்கலை. விளக்கை அணைச்சாளா?"

என்ன விளக்கு என்றேன். மேலே படிங்க, என்றாள், இந்த முறை 'மேலே படிங்க'வில் ஒரு திமிர் இருந்தது. படித்தேன். வாய் பாலத்துக் காவல்காரனோடு போய்க்கொண்டிருந்தது, மனம் அந்த இன்னொரு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. விளக்கு எரிந்ததா அங்கே? நாற்காலி ஞாபகம் இருக்கிறது, காலையில் வெறும் வாசல் ஞாபகம் இருக்கிறது, அக்காக்காரியின் மூடிய வாய்... விளக்கு? திறக்க மனமில்லாதவள் விளக்கை ஏன் விடியும்வரை எரிய விட வேண்டும், வெளியே நிற்கிறவளுக்கு வெளிச்சம் தெரியட்டும் என்றா, நான் தூங்கவில்லை என்று சொல்லவா? எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வையின் மறுநுனியிலிருந்து பாப்பா விளக்கைப் பற்றி ஏதோ சொல்லவந்ததும், நான் என் மூலையைக் கொண்டுபோய் அவள் கையில் திணித்துவிட்டு என் பதிலையே சொன்னதும் இப்போது லேசாக நினைவுக்கு வருகிறது, என்ன சொன்னாள் என்பது மட்டும் வரவில்லை. என் ஆளின் நாய் வாலாட்டியதுவரை அவளுக்குத் தெரிகிறது. அவள் ஆளின் ஒரு வரியாவது எனக்குத் தெரியுமா... வக்கீல் ஒரு வாரமாக என் பைக்குள்ளேயே கிடக்கிறார், நாற்காலிக்குப் பக்கத்தில், மடிக்காத போர்வைகளுக்குக் கீழே. நாளைக் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் எப்படியும் காத்திருக்க வேண்டும், டாக்டர் என்ன சொன்னாலும், ஒட்டியது என்றாலும் இல்லை என்றாலும், மத்தியானம் இங்கே இதே நாற்காலியில் அவருடைய அந்தக் கதவை நான் வாசிக்க வேண்டும், ஒரு வரியும் விடாமல். நம்பி வாசிக்க வருமா எனக்கு?