ஐந்தாவது திரை

சேக்காட்டில் ஒரு தெருவின் ஐந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் என்ற ஜெபக் குழுவுக்குச் சகாயம்மாள்தான் தலைவி. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நடந்த கூட்டத்தில், "தவக்காலத்துல கறியை உடுறது பெரிசில்ல. ஈஸ்டர் வரைக்கும் சீரியலை உடுவோம்" என்று அறிவித்தவளும் அவளேதான். மற்ற நான்கு பெண்களும் முகம் சுண்டித் தலையாட்டினார்கள். பங்குச் சாமியார் அதைப் பூசையில் சொல்லிப் பாராட்டியதிலிருந்து சகாயம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முன்பெல்லாம் ஆசையை அடக்கும் இந்த ஒறுத்தல் சுலபம். டிவி கூடத்தில் இருக்கும், சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மானத்துக்குப் பயந்தாவது அணைத்து வைப்பார்கள். இப்போது எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. அந்த நால்வரில் ஒருத்தியான ரெனிதா சீரியல் ஆப்புக்கு எடுத்த சந்தாவின் பாஸ்வேர்டு இந்த ஐந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. சந்தாவை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

இருபத்துமூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் சகாயம்மாள். இருபத்துநான்காம் நாள் கதாநாயகிக்குக் கல்யாணம். தாலி கட்டப்போவது டாக்டர் மாப்பிள்ளையா, ஜெயிலிலிருந்து வந்த அத்தை மகனா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் கதவைத் தாழிட்டு, இயர்போனைச் செருகிக்கொண்டு ஆப்பைத் திறந்தாள்.

'ஒரே நேரத்தில் நான்கு திரைகளில் மட்டுமே பார்க்கலாம். நான்கும் இப்போது பயன்பாட்டில் உள்ளன' என்றது அது.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளைத் தவிர நான்கே பேர்தான். வயிறு எரிந்தது. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார்களே என்று பாதி, தனக்கு இடமில்லையே என்று மீதி. உடனே அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள்.

"நாலு பேரும் இப்ப சீரியல் பாத்துகினு கீறீங்க. எனக்கு எல்லாம் தெரியும். மரியாதையா ஆஃப் பண்ணிட்டு ஜெபமாலையை எடுங்க."

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினாள். படம் வந்துவிட்டது. மேளம் முழங்கியது. தாலியை எடுத்த கை யாருடையது என்று கேமரா மெதுவாக மேலே ஏறும் நேரம் பார்த்து, ரெனிதாவின் பதில் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றது.

'தப்புதான்க்கா. ஆனா நாங்க நாலு பேரும் பாக்குறது உனக்கு எப்டிக்கா தெரிஞ்சுது?'

சகாயம்மாள் அந்த வரியை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை மகன்தான். நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு குழுவில் பதில் எழுதினாள்: 'அடுத்த வருசம் காபியை உட்டுடலாம்.'