ஏழாவது கிலோமீட்டரில் இறங்கிவிடும் மூச்சு

செண்பகவல்லி ஓட ஆரம்பித்தால் ஏழாவது கிலோமீட்டரில் அவளுடைய மூச்சு இறங்கிக்கொள்ளும். இறங்கி, ரோட்டைக் கடந்து, டவுன் பஸ் ஏறிப் போய்விடும். மூச்சுக்கு டிக்கெட் கிடையாது.

மீதி முப்பத்தைந்து கிலோமீட்டரையும் அவள் மூச்சில்லாமல்தான் ஓடுவாள். மார்பைக் கயிறு போட்டுக் கட்டியதுபோல் இறுகும். உள்ளே விசில் சத்தம் கேட்கும். இருமல் வரும். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் எல்லைக் கோட்டுக்கு வந்து சேரும்போது, மூச்சு அங்கே வேப்பமர நிழலில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருக்கும். ஏன் இவ்வளவு நேரம் என்று விசாரிக்கும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் பிறந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் மூச்சு வந்தது. ஆகவே முறை சரிதான்.

இதில் மூச்சுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டமெல்லாம் செண்பகவல்லிக்குத்தான். மாவட்ட நெடுந்தூர ஓட்டத்தின் பன்னிரண்டாவது விதி தெளிவாக இருந்தது. ஓடுபவரும் அவருடைய மூச்சும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். தனித்தனியாக வந்தால் வந்ததாகாது. மூன்று முறை அப்படி வந்தவரின் பெயர் ஓடுவோர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டுக் கைதட்டுவோர் பட்டியலில் ஏற்றப்படும். கைதட்டுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதன் முதுகில் அவர் பெயர் எழுதியிருக்கும். அதிலிருந்து எழுந்திருப்பது பற்றி விதிகளில் எதுவும் இல்லை.

அவள் இரண்டு முறை தனியாக வந்துவிட்டாள். ஓட்டப் பதிவாளர் குருவையா முன்யோசனைக்காரர். மூன்றாவது ஓட்டத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நாற்காலியை வாங்கிப் பெயரும் எழுதி வைத்துவிட்டார்.

"சும்மா உக்காந்து பாருங்கம்மா. அளவு சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்கிடலாம்லா" என்றார்.

செண்பகவல்லி உட்காரவில்லை. அவளுக்கு முப்பத்துநான்கு வயது. தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. பிரித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஓடுவாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட அவள் கைதட்டியதில்லை. மேடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

நெஞ்சு டாக்டர் ஹெலன் ஞானசெல்வியின் அறை ஒரு நடைவழியின் கோடியில் இருந்தது. நுழையும்போது இருபதடி தூரம்தான் தெரிந்தது. நடக்க நடக்க அது நீண்டது. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் சாப்பாடு கட்டி எடுத்து வந்திருந்தார்கள். செண்பகவல்லி கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். நாலாவது கிலோமீட்டரில் ஒரு நர்ஸ் கூடவே ஓடி வந்து அவளுடைய பெயரையும் எடையையும் எழுதிக்கொண்டாள். ஏழாவது கிலோமீட்டரில் டாக்டரின் கதவு வந்தது.

சரியாக அந்த இடத்தில் மூச்சு இறங்கியது. இடமும் வலமும் பார்த்தது. பஸ் இல்லை. டாக்டர் கதவைத் திறந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

செண்பகவல்லியிடம் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலைக் காட்டி மூச்சைத்தான் உட்காரச் சொன்னார். எத்தனை வருஷமாக இப்படி, குளிர் நாளில் அதிகமா, புழுதியில் அதிகமா என்றெல்லாம் அதையே கேட்டு எழுதிக்கொண்டார். மூச்சு ஒழுங்காகப் பதில் சொன்னது. பிறகு ஏன் இறங்குகிறாய் என்று கேட்டார்.

"எனக்கு ஓடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல டாக்டர். ஆனா ஒரு வார்த்தை சொல்லணும்லா? அஞ்சரை மணிக்கு வெடி வெடிக்கும். உடனே அக்கா என்னை இழுத்துக்கிட்டு ஓடுதா. நான் என்ன கைப்பையா?"

தான் சொல்லாமல் இல்லை என்றாள் செண்பகவல்லி. நீல இன்ஹேலர் வைத்திருப்பதாகவும், கோட்டில் காலை வைத்ததும் அதை ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் கிளம்புவதாகவும் சொன்னாள்.

"பாத்தீங்களா டாக்டர்? பந்தியில உக்காந்தப்புறம் வந்து பத்திரிகை குடுக்கா" என்றது மூச்சு.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்த ஊர்ப் பக்கத்தில் இது சின்னத் தப்பு இல்லை. கல்யாணத்துக்கு வாட்ஸப்பில் அழைத்துவிட்டு, ஒன்றுவிட்ட சித்தப்பா வரவில்லையே என்று கேட்க முடியாது. வீடு தேடிப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து, தம்பதியாக இருந்தால் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கொடுக்க வேண்டும். காப்பி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை குடிக்க வேண்டும். செண்பகவல்லி தன் சித்தப்பாக்களுக்கெல்லாம் இதைச் சரியாகச் செய்தவள். தன் மூச்சை மட்டும் தெருவில் பார்த்த இடத்தில் கூப்பிட்டிருக்கிறாள்.

டாக்டர் சீட்டு எழுதினார். ஓட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் தட்டு வைத்து அழைக்க வேண்டும். இன்ஹேலரைக் குலுக்கி, இரண்டு தடவை இழுக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடம் விட வேண்டும். மூச்சு யோசிக்கட்டும். பிறகு அதோடு பேசிக்கொண்டே கொஞ்சம் நடந்து, கொஞ்சம் ஓடி, மறுபடி நடக்க வேண்டும். முடிந்தவரை மூக்கு வழியாகவே அழைக்க வேண்டும். வாய் என்பது கொல்லைப்புற வாசல். புழுதி இருந்தால் முகத்துக்குத் துணி. இது தவிர, ஓடாத நாளிலும் காலையிலும் மாலையிலும் ஆரஞ்சு இன்ஹேலரை வைத்துச் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும்.

"காரியம் இருக்கிறப்ப மட்டும் போய் நின்னா யாருக்குத்தாம்மா பிடிக்கும்?" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது நடைவழி இருபதடிதான் இருந்தது.

அடுத்த வேலை குருவையாவிடம். மருந்து எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு அனுமதிப் படிவம் இருந்தது. அதில் இரண்டு பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டாவது பெயருக்கு எதிரே மூச்சின் பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒட்டி, பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் மூச்சை நாற்காலியில் உட்காரவைத்து, வழக்கப்படி மூச்சை அடக்கச் சொன்னார். அதற்கு யாரை அடக்குவது என்று தெரியவில்லை. படத்தில் கண்ணாடியில் படிந்த பனிபோல் ஒரு மங்கல்தான் விழுந்தது. குருவையா படத்தையும் மூச்சையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு காதும் தெரிய வேண்டுமே என்றார். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, இந்த ஒரு தடவை மட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் செண்பகவல்லி காலையிலும் மாலையிலும் மூச்சை விசாரித்தாள். முதல் வாரம் அது முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் நீ சாப்பிட்டாயா என்று அதுவே கேட்டது.

ஓட்டத்தன்று ஐந்தேகால் மணிக்கு அவள் மைதானத்து ஓரத்தில் தட்டை எடுத்து வைத்தாள். வெற்றிலை, பாக்கு, நீல இன்ஹேலர். மற்ற ஓட்டக்காரர்கள் கால்களை நீட்டி மடக்கியபடி வேடிக்கை பார்த்தார்கள். அவள் குலுக்கினாள். இழுத்தாள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி இழுத்தாள். அவசியம் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். மூச்சு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அன்று வேறு இரண்டு விசேஷம் இருப்பதாகவும், எட்டிப் பார்ப்பதாகவும் சொன்னது. பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டது.

ஏழாவது கிலோமீட்டரில் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, ஏறவில்லையா என்று கேட்டார்.

"இன்னைக்கு எங்க வீட்டு விசேஷம்ணே" என்றது மூச்சு.

பஸ் காலியாகப் போயிற்று.

செண்பகவல்லி எட்டாவது கிலோமீட்டரை முதல்முறையாகப் பார்த்தாள். முன்பும் அந்த வழியாக ஓடியிருக்கிறாள், ஆனால் அப்போதெல்லாம் தரையை மட்டுமே பார்த்தாள். அங்கே ஒரு கிணறு இருந்தது. ஒருவர் நிதானமாக அதைச் சுருக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மூச்சு அதைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தது. இருவரும் பேசிக்கொண்டே முப்பது தாண்டினார்கள். வழியெங்கும் நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அதன்மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தோராவது கிலோமீட்டரில் மூச்சு மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்கு இரைத்தது.

"என் மூச்சு இறங்கிட்டுக்கா" என்றது.

தனக்கும் ஒன்று இருந்ததை அது யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. அதைக் காலையில் யாரும் அழைக்கவுமில்லை. ரோட்டின் அந்தப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்துத் தூணுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு சின்ன மூச்சு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

மணி பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டுக்குக் கோட்டைச் சுருட்டிவிடுவார்கள். கையைப் பிடித்து இழுத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு வருஷம் அவள் அப்படித்தான் செய்தாள். செண்பகவல்லி குனிந்து மூச்சை நிமிர்த்தி உட்காரவைத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு வந்த தட்டை அதன் மடியில் வைத்து, போய் முறைப்படி அழைத்துவிட்டு வரச் சொன்னாள்.

அழைப்பு பதினைந்து நிமிடம் நடந்தது. அவள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் காப்பியை இரண்டு தடவை வேண்டாம் என்றது. மூன்றாவது தடவை குடித்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது இரண்டு ஆட்கள் கோட்டை இடது பக்கத்திலிருந்து பாய்போல் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். செண்பகவல்லி அதன்மேல் காலை வைத்தாள். ஆள் நிற்கும் கோட்டைச் சுருட்ட விதியில்லை. ஆட்கள் குத்துக்காலிட்டுக் காத்திருந்தார்கள்.

குருவையா படிவத்தைப் பார்த்தார். அதில் இரண்டு பெயர். எதிரே நிற்பது மூன்று பேர்.

"இது யாரும்மா?"

"என் மூச்சு" என்றது மூச்சு.

"அப்ப அதுக்கும் ஒண்ணு இருக்கணுமே. எல்லாரும் சேந்து வந்தாத்தான் வந்ததா எழுதுவேன்."

எல்லோரும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தது. சின்ன மூச்சுக்குப் பின்னால் அதைவிடச் சின்னதாக ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் மூச்சைத் தனியாக அழைத்திருந்தது. ஒவ்வொன்றின் கையிலும் அதன் அளவுக்கு ஒரு தட்டு இருந்தது. வரிசை வளைவு வரைக்கும் நீண்டது.

செண்பகவல்லி கோட்டை மிதித்தபடி நின்றாள். நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. குருவையா வரிசையைப் பார்க்கவில்லை. அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டிராதீங்கம்மா. தட்டுனா கைதட்டுவோர் பட்டியல்ல எழுதிக்கிட வேண்டியதாப் போயிரும்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

அவளுக்கு உள்ளங்கை அரித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல்களை விரல்களால் பிடித்துக்கொண்டாள். பட்டாணி அளவில் ஒன்று வந்தது. மிளகளவில் ஒன்று வந்தது. எல்லாம் அவள் பக்கத்தில் கோட்டின்மேல் வரிசையாக நின்றன.

கடுகளவில் ஒன்று மிச்சம் இருந்தது. அது கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது இடறி விழுந்தது. தட்டு உருண்டது. அது எழுந்தது. தட்டை எடுத்தது. தூசியைத் தட்டியது. நடந்து வந்து கோட்டில் ஏறியது. எல்லோரும் சேர்ந்து ஒரே அடியில் தாண்டினார்கள்.

குருவையா பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

நாலு தடவை தட்டிய பிறகுதான் அவர் தன் கைகளைப் பார்த்தார். அதற்குள் கோடு சுருட்டும் ஆட்களில் ஒருவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைத்துவிட்டார். இன்னொருவர் பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

"இனிஷியல் என்ன சார்?"

குருவையா சொன்னார். உட்கார்ந்தார். அளவு சரியாக இருந்தது.

செண்பகவல்லி பேனாவை எடுத்து வந்துசேர்ந்தோர் பட்டியலில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே மூச்சின் பெயரை எழுதினாள். மற்றவர்களுக்கு இடம் போதவில்லை. கூடுதல் தாள் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். குருவையா இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு இரண்டு கையும் காலியானதால் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.