கூண்டில் மட்டும் விளக்கு

ஊரில் எந்தப் பூட்டானாலும் அரை நிமிடத்தில் திறந்துவிடுகிற பூட்டுக்காரருக்கு ஆறு கோழிகளை அடைக்கத் தெரியவில்லை. பகலெல்லாம் கொல்லையில் சமர்த்தாகக் கிளறிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, வாசல் விளக்கின் கீழே கிடக்கும் நாற்காலியில் ஏறிக்கொள்ளும். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த கூண்டு காலியாகக் கிடக்கும்.

அது அவர் மனைவியின் நாற்காலி. பேரப்பிள்ளை பிறந்ததும் ஒத்தாசைக்கென்று மகன் வீட்டுக்குப் போனவள், குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட இரண்டு வாய் வேண்டுமே. இவருக்குத்தான் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். உங்கப்பாவோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான், சுவராவது எதிரொலிக்கும் என்று அவள் மகனிடம் சொன்னாளாம்.

இந்த ஒரு வருஷமாக அவரும் சுவரோடு இருந்து பார்த்துவிட்டார். கடையை அடைத்துவிட்டு வந்து சட்டையை ஆணியில் மாட்டினால், மறுநாள் கடை திறக்கும்வரை ஒரு சொல் கேட்க ஆளில்லை. இருமினால்கூட வீடு முழுக்கக் கேட்டது. அவள் இத்தனை வருஷம் இதைத்தான் பட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கோழி வளர்க்கலாம் என்று அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். நாற்றம், அசிங்கம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் இவர். இப்போது தானே போய் வாங்கிவந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம்தான் கிடையாதே.

போன வாரம் மகன் போனில் கூப்பிட்டான். "அம்மா ஒரு நாள் சாயங்காலம் வந்து பாக்கறேன்னாங்க. என்னைக்குன்னு மட்டும் கேக்காதீங்க, கேட்டா வரமாட்டாங்க" என்றான். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருகிறவள் தன் நாற்காலியில் கோழி எச்சத்தைப் பார்த்தால் வந்த வழியே போய்விடுவாளே. நாற்காலியை உள்ளே எடுத்துப்போட்டால் வாசற்படியை அசிங்கம் செய்தன.

கோழி விற்ற அம்மாளிடமே போய் யோசனை கேட்டார். இருட்டுகிற நேரத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் போகும் என்றாள் அவள். கூண்டுக்குள் சின்னதாக ஒரு பல்பு, கொஞ்சம் தானியம், வீட்டில் ஒரு விளக்கும் எரியக் கூடாது, துரத்தக் கூடாது, சத்தம் கூடாது. கடைசியில் சொன்னதை இவரிடம் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

சாயங்காலங்களில் வீட்டை இருட்டாக்கிவிட்டு, கொல்லையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். முதலில் ஒன்று போனது. பிறகு அதைப் பார்த்து இரண்டு. மெல்ல மெல்ல ஐந்தும் பழகிவிட்டன. மகாராணி என்று அவர் பெயர் வைத்திருந்த கழுத்து நீண்ட சிவப்புக் கோழி மட்டும் பிடிகொடுக்கவில்லை.

அன்றைக்கு அதுவும் கூண்டு வாசல்வரை வந்து ஒரு காலைத் தூக்கி வைத்தது. அந்த நேரம் பார்த்து முன்பக்கம் கேட் கிறீச்சிட்டது. யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு வந்திருப்பார்கள், வழக்கமாக வருகிறவர்கள்தான், நாளைக்குக் கடைக்கு வரட்டும் என்று அசையாமல் இருந்தார். சற்றுப் பொறுத்து கேட் மறுபடி கிறீச்சிட்டது. மகாராணி உள்ளே போய்விட்டது. அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். சமையலறைச் சுவரிலிருந்த கூண்டு பல்பின் சுவிட்சைப் போய் அணைத்தார். சந்தோஷம் தாங்காமல் தனியாகச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் மகன் போனில் கூப்பிட்டான். எங்கே போயிருந்தீர்கள், அம்மா வந்து பார்த்திருக்கிறாள், வீடு இருட்டாக இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டாள் என்றான்.

பட்டன் போனில் அவள் எண்ணை இரண்டு தடவை தப்பாக அமுக்கி, மூன்றாவது தடவை அவளைப் பிடித்தார்.

"நான் வீட்லதான் இருந்தேன்."

"விளக்குகூட இல்லாமயா?"

"கோழி அடைச்சிட்டிருந்தேன். ஆறு கோழி வாங்கியிருக்கேன். விளக்கு எரிஞ்சா கூண்டுக்குப் போகாது, அதான்..."

"முப்பது வருஷமா கோழின்னாலே மூக்கைப் பொத்தின ஆளு நீங்க. வீட்ல இருந்துக்கிட்டே கதவைத் திறக்கலைன்னா, இஷ்டமில்லைன்னு சொல்லிடுங்க. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அடுத்த ஸ்டாப்புல இறங்கிடு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"நெஜமாவே கோழியா?"

"இரு, நீயே கேளு."

கொல்லைக்கு ஓடினார். தடுக்கிவிட்ட வாளி உருண்டது. போனைக் கம்பிவலையோடு சேர்த்துப் பிடித்தார். பா, பா, பா என்று கூப்பிட்டார். உள்ளே ஆறும் இருட்டில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. பலகையைத் தட்டினார். ஒன்று லேசாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏதாவது பேசுங்களேன்" என்று கெஞ்சினார்.

போனில் பஸ் நிற்பது கேட்டது. கதவு திறந்தது, யாரோ இறங்கினார்கள், கதவு மூடியது. பஸ் மறுபடி கிளம்பி, அதன் இரைச்சல் போனிலேயே தொடர்ந்தது. அவர் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள் அவள், உடம்பு சரியில்லாதவரிடம் சொல்வதுபோல மெதுவாக. "உள்ள போய்ப் படுங்க."